மழைக் கணக்கில் தெரியும் கற்பனை: முதல் நிரலாக்க வகுப்பில் ஆசிரியர்கள் செய்யும் தவறுகள்

‘பிடித்த புரோகிராம் ஏதாவது எழுதி வாருங்கள்’ என்று இரண்டாம் வாரத்திலேயே சொல்லிவிடுவதுதான் பெரிய தவறு. வேரியபிளும் (மதிப்பைச் சேமிக்கும் பெயர்) லூப்பும் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) கையில் படியாத மாணவர் யூடியூபில் கிடைத்த பாம்பு விளையாட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்து வருவார். கேள்வியைக் கறாராக நீங்கள் கொடுங்கள். வழியை மட்டும் அவரிடம் விடுங்கள்; கற்பனை அதில் தெரியும்.

அமெரிக்கக் கணினியியல் ஆய்வாளர் எலியட் சோலோவே 1980களில் முன்வைத்த மழைக் கணக்கு இதற்குத் தோதானது. இன்று வழங்கும் வடிவத்தில், தினசரி மழை அளவு ஒவ்வொன்றாக வரும். 99999 வந்தால் நிறுத்த வேண்டும். மைனஸ் எண்களை ஒதுக்கிச் சராசரி காண வேண்டும். குன்னூர் மழை என்று வைத்துக்கொண்டு 12, 0, 0, 30, -5, 99999 என்று கொடுங்கள். சரியான விடை 10.5.

தப்பான விடையே எங்கே சறுக்கினார் என்று காட்டிவிடும். 7.4 என்றால் மைனஸை ஒதுக்கவில்லை. 20008.2 என்றால் 99999ஐச் சோதிக்கும் முன்பே கூட்டிவிட்டார். 21 என்றால் ‘பூஜ்ஜியத்தைவிடப் பெரியது’ என்று எழுதி, மழையில்லாத இரண்டு நாளையும் தள்ளிவிட்டார். நீலகிரியிலேயே கூடலூர் கொட்டும் ஆடியில் குன்னூருக்கு 0 சகஜம். அங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். எடுத்த எடுப்பிலேயே 99999 கொடுத்தும் பாருங்கள்: நாள் எண்ணிக்கையைச் சோதிக்காதவரின் புரோகிராம் பூஜ்ஜியத்தால் வகுக்கப்போய் நின்றுவிடும்.

விடை சரியா என்று மட்டும் பார்த்து மதிப்பெண் போடுவது அடுத்த தவறு. ஒருவர் ஒரே லூப்பில் கூட்டிக்கொண்டே போவார்; இன்னொருவர் எல்லா எண்ணையும் லிஸ்டில் (பட்டியலில்) சேர்த்து, வடிகட்டி, பிறகு வகுப்பார். முதலாவதற்கு நினைவகம் குறைவாகவே தேவை. இரண்டாவதில் ‘அதிக மழை எந்த நாள்?’ என்று பிறகு கேட்டாலும் தரவு கையில் இருக்கும். முடித்தவரிடம் இரண்டாம் வழி கேளுங்கள். 10 மதிப்பெண்ணில் சரியான விடைக்கு 6, மாற்று வழிக்கு 2, எது எப்போது உதவும் என்ற விளக்கத்துக்கு 2. (திரையில் வண்ணம் பூசியதற்கு ஒன்றும் வேண்டாம்.)

கேட்காததைச் செய்துவந்தவரை உடனே பாராட்டுவதோ திட்டுவதோ வேண்டாம். ‘500 மில்லிமீட்டருக்கு மேல் வந்தால் தவறு’ என்று ஒருவர் தானாகவே சேர்த்திருப்பார். நல்ல யோசனைதான்; ஆனால் 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. அப்படிப்பட்ட எண்ணைத் தள்ளாமல், ‘சரிதானா?’ என்று கேட்டு உறுதிசெய்யும்படி மாற்றச் சொல்லுங்கள்.