உடம்புவாகும் குணமும்: குடும்ப வரைபடம் போடுவது எப்படி

"அப்பாயி மாதிரியே உடம்பு, அப்பாயி மாதிரியே கோபம்" என்று தோட்டத்து லயத்தில் சொல்வது டொக்டருக்குப் போதாது. அதையே ஒரு தாளில் வரைந்து கிளினிக் கொப்பியோடு கொண்டுபோனால் பயன்படும்.

மேல் வரிசையில் தாத்தா பாட்டி நால்வர். நடுவில் பெற்றோரும் அவர்களோடு கூடப்பிறந்தவர்களும், கீழே உங்கள் வரிசை. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். ஒவ்வொன்றையும் நெடுக்காகப் பிரித்து, பருமன் இருந்தால் இடப்பாதியையும், மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால் வலப்பாதியையும் கறுப்பாக்குங்கள். அது தொடங்கிய வயதையும் பக்கத்தில் எழுதுங்கள். "கோபக்காரர்" என்று எழுதி ஒன்றும் ஆகாது. "இரண்டு கிழமையாகத் தூக்கமில்லை, கொழுந்துக்குப் போகவில்லை" என்று எழுதினால் விளங்கும்.

பருமனைக் கண்ணால் மட்டிடாதீர்கள். எடையை உயரத்தால் இருமுறை வகுக்க வேண்டும், உயரம் மீட்டரில். 1.55 மீட்டர், 62 கிலோ என்றால் 25.8. ஆசியர்களுக்கு 23இலிருந்தே கவனம் தேவை, 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம்.

பலர் பிழைவிடும் இடம் மேல் வரிசைதான். நாள் முழுக்கக் கூடையோடு மலை ஏறி இறங்கி, அரை வயிற்று ரொட்டியோடு படுத்தவர் ஒல்லியாகத்தான் இருந்திருப்பார். பருமனுக்கான மரபணு அவரிடம் இருந்தும் வெளியே தெரிந்திருக்காது. கொழும்புக் கடையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பேரனிடம் அது தெரியவரும். இன்னொன்று, வாக்கப்பட்டு வந்த மருமகளையும் வரையுங்கள். அவரும் அதே வீட்டில் பருத்திருந்தால் இரத்தத்தை விடச் சட்டியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

2007இல் பருமனோடு தொடர்புபடுத்தப்பட்ட எஃப்.டி.ஓ. மரபணுவின் பருமன் வடிவம் தாய், தகப்பன் இரு வழியிலும் வந்தவர்கள், வராதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ அளவே கூடுதல் எடையுள்ளவர்கள். பெரும்பாலோரிடம் சிறு பங்குள்ள மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்துதான் எடையை ஏற்றுகின்றன. அவற்றில் சில மனச்சோர்வுக்கும் பொதுவானவை. ஆனாலும் "குண்டு" என்ற கேலியும், குறட்டையால் கெடும் தூக்கமும் மரபணு இல்லாமலே மனதை வாட்டும். மனம் வாடினால் பிளேன்டீக்குச் சீனி கூடும். ஆகவே எடை முந்தியதா, சோர்வு முந்தியதா என்று குறியுங்கள்.

தைரொய்ட் குறைந்தாலும் உடம்பு ஊதி மனம் மந்தமாகும்; இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஒலான்சபின், மிர்டாசபின், பிரெட்னிசொலோன் போன்ற குளிசைகளும் எடை ஏற்றும். தொடங்கிய மாதத்தை எழுதுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால் வரைபடம் கிடக்கட்டும், உடனே இலங்கையின் மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள்.

முறைப்பெண்ணைக் கட்டிய வீடென்றால் அந்த இருவருக்கும் இடையே இரட்டைக் கோடு போடுங்கள்; தாய், தகப்பன் இரு வழியிலும் வந்தால்தான் வெளிப்படும் கோளாறுகளுக்கு அங்கே வாய்ப்புக் கூட. பிறந்த சில மாதங்களிலேயே அடங்காப் பசியோடு பருக்கும் பிள்ளைக்கு, பசியை அடக்கும் ஹோர்மோனான லெப்டினின் குறைபாடு இருக்கலாம்; அது அப்படியொன்று. அரிது, ஆனால் ஊசி மருந்து உண்டு. பிறந்தபோது துவண்டு, பால் உறிஞ்ச முடியாமல் கிடந்து, பின்னர் சோற்றுக்காகக் கத்தி ரகளை செய்யும் பிள்ளையைப் பிடிவாதமென்று அடிக்காதீர்கள். 15ஆம் குரோமோசோம் கோளாறான பிராடர்-வில்லியாக இருக்கலாம். குழந்தை வைத்தியரிடம் இந்தத் தாளோடு காட்டுங்கள்.