வேட்டைப் படத்தைப் பார்த்ததும் நாம் செய்யும் தவறுகள்

பணம் கட்டி விலங்கைச் சுட்டு, அதன் தலையையோ கொம்பையோ தோலையோ நினைவுப்பொருளாக எடுத்துப்போவதுதான் டிராபி வேட்டை. அந்தப் படம் எப்படி எடுக்கப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். விலங்கு செத்ததும் வாயோரத்து ரத்தத்தைத் துடைக்கிறார்கள். வெளியே தொங்கும் நாக்கை உள்ளே தள்ளுகிறார்கள். கால்களை மடக்கி, படுத்து இளைப்பாறுவதுபோல் கிடத்தி, தலை சரியாமலிருக்கத் தாடைக்கு அடியில் கல்லோ குச்சியோ முட்டுக்கொடுக்கிறார்கள். சுட்டவர் அதன் முதுகுக்குச் சற்றுப் பின்னால் மண்டியிடுகிறார். கேமரா தரையோடு தரையாக இறங்குகிறது. அப்போதுதான் விலங்கு இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். அப்புறம் ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்புதான் நம்மைக் கொதிக்க வைக்கிறது. எனக்கும் அப்படித்தான். தலையைப் பாடம் செய்து சுவரில் மாட்டுவதற்காக ஒரு உயிரைக் கொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் அந்தக் கொதிப்போடு நாம் எழுதுவதும் பகிர்வதும் பல நேரங்களில் விலங்குகளுக்கு உதவுவதில்லை. சில நேரம் கெடுதலாகவும் முடிகிறது. எங்கே தவறுகிறோம் என்று பார்ப்போம்.

கையில் கிடைத்ததைப் பகிர்வது

2015 ஜூலையில் ஜிம்பாப்வேயின் ஹுவாங்கே தேசியப் பூங்காவுக்கு வெளியே சிசில் என்ற சிங்கம் கொல்லப்பட்டது. சுமார் 13 வயது. கழுத்தில் ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் மாட்டிய ஜிபிஎஸ் பட்டை. அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு பல் மருத்துவர் சுமார் 50,000 டாலர் கொடுத்து அந்த வேட்டைக்குப் போயிருந்தார் என்று செய்திகள் வந்தன. அம்பு பட்ட சிங்கம் 40 மணி நேரம் துடித்தது என்ற தகவல் உலகம் முழுக்கப் பரவியது. சிசிலைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வாளர் ஆண்ட்ரூ லவரிட்ஜ், கழுத்துப்பட்டைத் தரவை வைத்துப் பார்த்து அது 10 முதல் 12 மணி நேரம் என்று பின்னர் எழுதினார். அதுவே கொடுமைதான். 40 என்று மிகைப்படுத்த வேண்டிய தேவையே இல்லை.

அடுத்த சில நாட்களிலேயே இன்னொன்று பரவியது. சிசிலின் தம்பி ஜெரிகோவையும் சுட்டுவிட்டார்கள் என்று உலகமே அழுதது. ஆனால் ஜெரிகோ உயிரோடுதான் இருந்தது. அதன் கழுத்துப்பட்டை வழக்கம்போல் இருப்பிடத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. அது சிசிலுக்குத் தம்பியும் அல்ல, சேர்ந்து திரிந்த கூட்டாளி. 2016-ல் இயற்கையாகத்தான் செத்தது.

ஒரு பொய் அம்பலமானால் நாம் சொல்லும் உண்மையையும் சேர்த்துத் தூக்கி எறிய எதிர்த்தரப்புக்கு வசதியாகிவிடுகிறது. எனவே படம் எப்போது, எங்கே எடுத்தது என்று பாருங்கள். பழைய படங்கள் நேற்று நடந்ததுபோல் மறுபடி மறுபடி கிளம்பி வரும். 2018-ல் 'அரிய கறுப்பு ஒட்டகச்சிவிங்கி கொல்லப்பட்டது' என்று பெரிய அமளி நடந்தது. அது முந்தைய ஆண்டுப் படம். கறுப்பு ஒட்டகச்சிவிங்கி என்று தனி இனமும் கிடையாது. ஆண் ஒட்டகச்சிவிங்கிகளுக்கு வயது ஏறினால் உடல் கருமையாவது இயல்பு.

கள்ளவேட்டையோடு குழப்பிக்கொள்வது

தந்தத்துக்காக இரவில் யானையைச் சுட்டுவிட்டு ஓடும் கும்பல் வேறு. அரசு கொடுத்த அனுமதிச் சீட்டோடு பகலில் வரும் வேட்டைக்காரர் வேறு. இரண்டிலும் விலங்குதான் சாகிறது, ஆனால் முன்னதைத் தடுக்கக் காவலர்கள் வேண்டும், பின்னதைத் தடுக்கச் சட்டம் மாற வேண்டும். சிசில் விஷயம் இரண்டுக்கும் நடுவில் மாட்டியது. அது கொல்லப்பட்ட நிலத்தில் அந்த ஆண்டு சிங்கத்தைச் சுட ஒதுக்கீடே தரப்படவில்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். கடைசியில் அந்த மருத்துவரின் ஆவணங்கள் சரியாக இருந்ததாக ஜிம்பாப்வே அரசே அறிவித்தது. உள்ளூர் வேட்டை வழிகாட்டி மீதான வழக்கும் 2016-ல் தள்ளுபடியானது.

இரண்டு கேள்விகளை ஒன்றாக்குவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான் என்று நினைக்கிறேன். 'மகிழ்ச்சிக்காகக் கொல்வது சரியா?' என்பது ஒரு கேள்வி. 'இந்த வேட்டையால் அந்த இனம் பெருகுகிறதா, அழிகிறதா?' என்பது இன்னொன்று. முதலாவதற்கு மனசாட்சிதான் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதற்குக் கணக்கு வேண்டும்.

வேட்டையை எதிர்ப்பவர்கள், 'தவறு, எனவே தடை செய்தால் விலங்கு பிழைத்துவிடும்' என்று தாவிவிடுகிறார்கள். கென்யா 1977-லேயே வேட்டையைத் தடை செய்தது. 1977-க்கும் 2016-க்கும் இடையில் அங்கே காட்டு விலங்குகளின் எண்ணிக்கை சராசரியாக 68 சதவீதம் சரிந்தது என்கிறது ஒரு விரிவான ஆய்வு. தடையால் சரிந்தது என்று நான் சொல்லவில்லை. மக்கள்தொகை, கால்நடை, வேலிகள், வறட்சி என்று காரணங்கள் பல. தடை மட்டும் போதவில்லை என்பதுதான் செய்தி. ஆப்பிரிக்காவில் சஹாராவுக்குத் தெற்கே சுமார் 14 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலம் வேட்டைக்கென விடப்பட்டிருந்ததாக 2007-ல் கணக்கிட்டார்கள். அங்குள்ள தேசியப் பூங்காக்களின் மொத்தப் பரப்பைவிட அது அதிகம். வேட்டை நின்றால் அந்த நிலம் காடாகவே இருக்குமா, சோளக்கொல்லையாகுமா? இதற்குப் பதில் இல்லாமல் தடை கேட்பது அரை வேலை.

ஆதரிப்பவர்கள் இதையே தலைகீழாகச் செய்கிறார்கள்: 'பணம் வருகிறது, எனவே சரி.' நமீபியாவில் ஒரு கறுப்புக் காண்டாமிருகத்தைச் சுடும் அனுமதி, 2014-ல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் 3,50,000 டாலருக்கு ஏலம் போனது. பணம் பாதுகாப்புக்குப் பயன்பட்டாலும், கொல்வதில் ஒருவர் அடையும் இன்பம் நியாயமாகிவிடாது. அறுவை சிகிச்சைக்குப் பணம் தருகிறேன் என்று சொல்லி ஒருவர் என்ன வேண்டுமானாலும் கேட்டுவிட முடியுமா? எனக்கு இதில் சமாதானமே வரவில்லை.

அங்கே யாருமே வாழாததுபோல் பேசுவது

நம் பதிவுகளில் சிங்கம் இருக்கும், வேட்டைக்காரர் இருப்பார், நாம் இருப்போம். அந்த ஊர்க்காரர் இருக்க மாட்டார். சிசிலுக்காக உலகம் கண்ணீர் விட்டபோது ஜிம்பாப்வேயில் பலர் 'எந்தச் சிங்கம்?' என்று கேட்டார்கள். சிங்கத்துக்குப் பயந்து மாடுகளை முள்வேலிக்குள் அடைத்துவிட்டு, இரவில் வெளியே போகவே அஞ்சி வளர்ந்தவர்களுக்கு அது செல்லப் பிராணி அல்ல. யானைக்கூட்டம் ஒரே இரவில் ஓராண்டு விளைச்சலைத் தின்றுவிட்டுப் போகும்.

போட்ஸ்வானா 2014-ல் வேட்டையை நிறுத்தியது. ஒகவாங்கோ டெல்டாவை ஒட்டிய சில கிராமங்கள் வேட்டையிலிருந்து வந்த வருமானத்தையும் இறைச்சியையும் இழந்தன. 2019-ல் தடை விலக்கப்பட்டது. பாகிஸ்தானின் வடக்கு மலைகளில், திருகுக் கொம்புடைய மார்க்கோர் ஆட்டைச் சுடக் கட்டும் தொகையில் 80 சதவீதம் ஊர் மக்களுக்குப் போகிறது. கள்ளத்தனமாக ஆட்டைச் சுட்டு வந்த ஊர்களே காவல் காக்கத் தொடங்கின. 2015-ல் மார்க்கோர் 'அழியும் நிலை' பட்டியலிலிருந்து இரண்டு படி மேலே வந்தது.

இதைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சியும் வருத்தமும் சேர்ந்தே வந்தன. ஆடுகள் பிழைத்தன, அதற்கு விலையாகச் சில ஆடுகளின் தலைகள் போயின. இதைவிட நல்ல வழி வேண்டுமென்றால், அந்த 80 சதவீதத்தை வேறு யார் கொடுப்பது என்று சேர்த்தே யோசிக்க வேண்டும்.

ஆளைக் குறிவைப்பது

அந்தப் பல் மருத்துவரின் கிளினிக் வாசலில் பொம்மை விலங்குகளைக் குவித்தார்கள். அதுவரை சரி, அது போராட்டம். அவருடைய விடுமுறை வீட்டில் வசை எழுதியதும், கொலை மிரட்டல் விடுத்ததும், குடும்பத்தாரை இழுத்ததும் போராட்டம் அல்ல. கிளினிக் மூடிக் கிடந்ததில் அங்கே வேலை பார்த்தவர்களும்தான் பாதிக்கப்பட்டார்கள். வேட்டையாடியவர் பெண்ணாக இருந்தால் வசை வேறு திசைக்கே போய்விடும். அவருடைய உடலைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் எழுதுகிறார்கள். செத்த விலங்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

'கிழட்டு விலங்குதானே' என்பதை நம்பிவிடுவது

கிழட்டு விலங்கைத்தான் சுடுகிறோம், அதனால் கூட்டத்துக்கு நஷ்டமில்லை என்று ஆதரிப்பவர்கள் அடிக்கடி சொல்வார்கள். கூட்டத்தின் தலைமை ஆண் சிங்கம் செத்தால் புதிதாக வரும் ஆண்கள் குட்டிகளைக் கொன்றுவிடுவது வழக்கம். அதனால்தான் வயது முக்கியம். சிங்கத்தின் மூக்கு குட்டியில் இளஞ்சிவப்பாக இருக்கும். வயது ஏற ஏறக் கறுப்புப் புள்ளிகள் கூடிப் பாதிக்கு மேல் கறுத்துவிடும். தான்சானியாவின் செரங்கெட்டியில் ஆய்வு செய்தவர்கள் இதை வைத்தே வயதைக் கணிக்கலாம் என்று காட்டினார்கள். நடைமுறையில் பணம் கட்டியவர் பார்ப்பது பிடரியை, மூக்கை அல்ல. கனடாவின் ராம் மலையில் பெரிய கொம்புள்ள ஆடுகளையே தேடித்தேடிச் சுட்டதில், தலைமுறை தலைமுறையாகக் கொம்பே சிறுத்துப்போனதாக 2003-ல் வெளியான ஆய்வு சொன்னது. தென்னாப்பிரிக்காவில் கூண்டில் வளர்த்து, வேலிக்குள் விட்டுச் சுடும் சிங்கங்களுக்கு இந்த வாதம் எதுவுமே பொருந்தாது. அதைப் பாதுகாப்பு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஒரு முகத்தோடு நின்றுவிடுவது

சிசிலுக்குப் பிறகு நல்லதும் நடந்தது. அதை ஆய்வு செய்த ஆக்ஸ்ஃபோர்ட் குழுவுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை வந்தது. சில பெரிய விமான நிறுவனங்கள் இப்படிப்பட்ட தலைகளையும் தோல்களையும் ஏற்றுவதை நிறுத்தின. வேட்டையாடிய சிங்கங்களின் தலை, தோல் இறக்குமதியைப் பிரான்ஸ் தடுத்தது. இவை கோபம் சரியான இடத்துக்குப் போனதால் நடந்தவை.

2017 ஜூலையில் சிசிலின் மகன் சாண்டா சுடப்பட்டது. ஆறு வயது தாண்டியிருந்தது; கழுத்துப்பட்டை இருந்தது; குட்டிகளும் இருந்தன. பூங்கா எல்லையிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் வெளியே, எல்லாம் சட்டப்படி. வழிகாட்டி அந்தப் பட்டையைக் கழற்றி ஆய்வாளர்களிடம் திருப்பிக் கொடுத்தார். அவர்கள் கேட்டது பூங்காவைச் சுற்றி 5 கிலோமீட்டர் வேட்டையில்லா வளையம். சிசிலுக்காக எழுதிய லட்சக்கணக்கான பதிவுகளில் எத்தனை பேர் அந்த 5 கிலோமீட்டரைக் கேட்டிருப்போம்?