வண்டி ஏ.சி.யில் சத்தமா? கம்ப்ரஸரைக் கழற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தை ஒட்டி, ஏற்காடு மலையடிவாரத்தில் இருக்கும் கோரிமேட்டில் உள்ள எங்கள் பட்டறையில் சித்திரை, வைகாசி மாதங்களில் ஏ.சி. வேலைதான் மிகுதி. குளிர்ச்சி சற்றுக் குறைந்தால் பொறுத்துக்கொள்ளும் வாடிக்கையாளர்கூட, வழக்கமில்லாத ஒரு சத்தம் கேட்டால் மறுநாளே வந்து நிற்பார். அண்மையில் அப்படி வந்த ஒரு வண்டியின் பானட்டைத் திறந்த வேகத்திலேயே, எங்களிடம் தொழில் கற்கும் இளைஞர் ஒருவர் "கம்ப்ரஸர் போயிடுச்சுங்கண்ணா" என்று, ஏ.சி. கேஸை அழுத்தும் பம்ப்பான கம்ப்ரஸரின் மீது தீர்ப்புச் சொன்னார். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அதையேதான் சொன்னேன். அதற்கு ஒருவர் கொடுத்த விலையும் எனக்கு நினைவிருக்கிறது. பெல்ட் வெடித்திருப்பதைக் கவனிக்காமல் விடுவது, போல்ட்டை முடுக்க மறப்பது போன்றவற்றை யாரும் சொல்லாமலே கற்றுக்கொள்ளலாம் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எப்போது என்று கேட்காமல், எங்கே என்று தேடுவது

பானட்டுக்குள் காதை நம்பக் கூடாது. பிராக்கெட், குழாய், சேஸி என எல்லாமே இரும்பும் அலுமினியமுமாக ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால், ஒரு மூலையில் பிறக்கும் சத்தம் இன்னொரு மூலையில் கேட்கும். ஆகவே, முதலில் இன்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, வண்டிக்குள் காற்றை ஊதும் ப்ளோயரை ஒவ்வொரு வேகத்திலும் வைத்துக் கேளுங்கள். பிறகு இன்ஜினை இயக்கி, ஏ.சி.யை அணைத்தபடி கேளுங்கள். அதன் பிறகே ஏ.சி.யைப் போடுங்கள். ப்ளோயரின் வேகத்தோடு மாறும் சத்தம் டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரோடு ஏறி இறங்கும் சத்தம் பெல்ட் ஓடும் பாதையில் இருக்கிறது. இரண்டுக்கும் கட்டுப்படாமல், தானாக வந்து தானாக நிற்கும் சத்தம் பெரும்பாலும் சூடான கேஸைக் குளிர்விக்கும் கண்டென்சரின் ஃபேனுடையது.

ஏ.சி. போட்டால் மட்டும் வரும் சத்தத்தைக் கம்ப்ரஸர் மீது சுமத்துவது

என்னை இன்றுவரை உறுத்தும் தவறு இதுதான். தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டில், ஏற்காட்டில் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருந்த பெரியவர் ஒருவர் தம் வண்டியைக் கொண்டுவந்தார். "ஏ.சி. போட்டா மட்டும் கொர்ருனு சத்தம் வருதுங்க தம்பி" என்றார். நான் ஏ.சி.யைப் போட்டேன், சத்தம் வந்தது, அணைத்தேன், நின்றது. இதற்குமேல் என்ன சான்று வேண்டும் என்று எண்ணி, கம்ப்ரஸரை மாற்றச் சொன்னேன். கேஸை இறக்கி, புதுக் கம்ப்ரஸர், கேஸின் ஈரத்தை உறிஞ்சும் டிரையர், ஓ-ரிங் எல்லாம் போட்டு, குழாய்களில் உள்ள காற்றை உறிஞ்சி வேக்யூம் எடுத்து, கேஸ் அடித்து, மாலையில் வண்டியைக் கிளப்பினால், அதே 'கொர்', அதே அளவில் கேட்டது. அதன் பிறகுதான் பெல்ட்டைக் கழற்றினேன். பழுது பெல்ட்டைத் திசைதிருப்பும் ஐட்லர் புல்லியின் பேரிங்கில் இருந்தது. அதன் விலை சில நூறு ரூபாய். பெரியவர் கோபப்படவில்லை. "அப்போ பழசு நல்லாத்தான் இருந்துச்சுங்களா?" என்று மட்டும் கேட்டார். பொருத்திய கம்ப்ரஸரைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். என் கூலியை நான் வாங்கவில்லை என்றாலும், ஏறத்தாழ பதினெட்டாயிரம் ரூபாய் அவர் கையை விட்டுப் போய்விட்டது.

ஐட்லரின் பழுது ஏ.சி. போட்டால் மட்டும் ஏன் ஒலிக்க வேண்டும்? கம்ப்ரஸரின் ஷாஃப்ட்டைப் புல்லியோடு இணைக்கும் கிளட்ச் கவ்வாதவரை, அந்தப் புல்லி சும்மா சுற்றுகிறது. பெல்ட்டுக்குப் பெரிய சுமை இல்லை. கிளட்ச் 'டக்' என்று கவ்வியவுடன் கம்ப்ரஸர் கேஸை அழுத்தத் தொடங்குகிறது. அந்தச் சுமை முழுவதும் பெல்ட்டின் இழுவிசையாக மாறி, அது தொட்டுச் செல்லும் ஒவ்வொரு புல்லியின் மீதும் இறங்குகிறது. சுமையில்லாதபோது அமைதியாக ஓடிய தேய்ந்த பேரிங், அப்போதுதான் வாய் திறக்கிறது. ஆகவே, ஏ.சி. போட்டால் சத்தம் வருகிறது என்பதால் கம்ப்ரஸரின் மீது ஐயம் மட்டுமே கொள்ளலாம்.

தலைகீழான ஏமாற்றமும் உண்டு. கம்ப்ரஸரின் முன்பக்கப் புல்லிக்குள் இருக்கும் பேரிங், இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் சுழல்வது. அது தேய்ந்தால் ஏ.சி. அணைந்திருக்கும்போதும் சத்தம் வரும். அந்தப் பேரிங்கைத் தனியாக மாற்றிக்கொள்ளலாம். பல வண்டிகளில் அதற்காகக் கேஸைக்கூட இறக்க வேண்டியதில்லை. "கம்ப்ரஸர் பக்கம்தான் சத்தம்" என்று சொல்லி, அதற்கும் முழுக் கம்ப்ரஸரையே மாற்றிவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். இன்ஜினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றுங்கள். ஒவ்வொரு புல்லியையும் விரல்களால் சுற்றுங்கள். நல்ல பேரிங் வழுக்கிக்கொண்டு, ஓசையின்றிச் சுழலும். கெட்டது மணலை அரைப்பது போல உள்ளங்கையில் உறுத்தும், அல்லது புல்லி பக்கவாட்டில் ஆடும். பேரிங் சீலைச் சுற்றி, உருகி வெளியேறிய கிரீஸ் பழுப்பு வளையமாகப் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்து, கம்ப்ரஸர் புல்லிக்கு முன்னால் உள்ள கிளட்ச் பிளேட்டைப் பிடித்துச் சுற்றுங்கள். அதுவே கம்ப்ரஸரின் உள் ஷாஃப்ட்டோடு இணைந்தது. ஒரே சீரான எதிர்ப்புடன் சுற்றினால் உள்ளே பெரிய கோளாறு இல்லை. ஓரிடத்தில் சிக்கினாலோ, கரகரத்தாலோ, சுற்றவே மறுத்தாலோ மட்டும் கம்ப்ரஸரைக் குற்றம் சொல்லுங்கள். பெல்ட் இல்லாமல் இன்ஜினைக் கிளப்பிக் கேட்பதும் உதவும். ஆனால் பல வண்டிகளில் தண்ணீர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடுவதால், அரை நிமிடத்துக்குமேல் ஓடவிடக் கூடாது. ஒன்றை மறக்காதீர்கள்: கிளட்ச் இல்லாத புதுவகைக் கம்ப்ரஸர்களில் ஷாஃப்ட் எப்போதும் சுழன்றுகொண்டே இருக்கும் என்பதால், ஏ.சி. அணைந்திருக்கும்போது கேட்கும் சத்தமும் உள்ளிருந்து வரலாம்.

கெட்ட கம்ப்ரஸரை மட்டும் மாற்றுவது

உள்ளே உராய்ந்து செத்த கம்ப்ரஸர், தன் உலோகத் தூளைக் குழாய் முழுவதும் அனுப்பிவிட்டே நிற்கிறது. பழைய கம்ப்ரஸரின் ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் சொட்டுங்கள். சாம்பல் நிறத்தில் மினுமினுத்தால், டிரையரையும், கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்றி, குழாய்களைக் கழுவியாக வேண்டும். இன்றைய கண்டென்சர்களின் நுண்ணிய வழிகளை முழுமையாகக் கழுவ இயலாது; அதையும் மாற்றுவதே பாதுகாப்பு. இல்லையென்றால் அந்தத் தூளே புதுக் கம்ப்ரஸரையும் அரைத்துவிடும்.

சத்தத்துக்கு மருந்தாகக் கேஸ் அடிப்பது

கேஸை எடை பார்த்தே அடிக்க வேண்டும். எத்தனை கிராம் என்பது பெரும்பாலும் பானட்டுக்குக் கீழே ஸ்டிக்கரில் அச்சிடப்பட்டிருக்கும். சிறிய கார்களுக்கு அது அரைக் கிலோவைக்கூட எட்டாது. அளவு மிஞ்சினால் அழுத்தம் ஏறிக் கம்ப்ரஸர் முனகும். திரவமாகவே உள்ளே புகுந்தால் 'டொக் டொக்' என்று அடித்து வால்வை உடைக்கும்.

ஏ.சி.யை அணைத்தபின் வரும் 'உஸ்'

இருபக்க அழுத்தமும் சமமாகும் ஒலி அது, விட்டுவிடுங்கள்.

கீச்சிடும் பெல்ட்டுக்கு ஸ்ப்ரே

அடிக்காதீர்கள்.

பட்டறை வாசலிலேயே சோதனையை முடிப்பது

ஏற்காட்டுச் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒடிக்கும்போது மட்டும் 'கீச்' என்று வந்தால், ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் உள்ள வண்டிகளில், அதன் பம்ப் பெல்ட்டின் மீது ஏற்றும் கூடுதல் சுமையை முதலில் நினையுங்கள், ஏ.சி.யும் ஓடுவதால் பெல்ட் வழுக்குகிறது. ஓடும் பெல்ட்டின் உட்புறத்தில் சிறிது தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: கீச்சொலி கூடினால் பெல்ட்டின் டென்ஷன், அதாவது இறுக்கம், போதவில்லை; சற்று அடங்கிப் பின் திரும்பினால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் வரும் 'டிக்டிக்' இன்ஜினுக்குள் எரிபொருள் ஒழுங்கின்றி வெடிக்கும் நாக்கிங்காகவும் இருக்கலாம். மலைச் சத்தம் என்று வாடிக்கையாளர் சொன்னால், நான் அவரையே ஓட்டச் சொல்லி, அடிவாரம் தாண்டி இரண்டு மூன்று வளைவுகள்வரை பக்கத்தில் அமர்ந்து கேட்கிறேன்.

துண்டோடு பானட்டுக்குள் குனிவது

இன்ஜின் அணைந்திருந்தாலும் சில வண்டிகளில் ஃபேன் தானாகக் கிளம்பும். துண்டைக் கழற்றி வைத்துவிட்டுக் குனியுங்கள்.

சருகைத் தேடாமல் ப்ளோயர் மோட்டாரை மாற்றுவது

மலையில் காப்பித் தோட்டங்களின் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரங்களின் கீழ் நிறுத்திய வண்டிகளில் இது அடிக்கடி நேரும். முன் கண்ணாடியின் அடியில் உள்ள காற்று வழியாகச் சருகு உள்ளே இறங்கி, ப்ளோயர் சக்கரத்தில் உரசி 'சரசர' என்கிறது. சக்கரத்தின் சமநிலை குலைந்தால் 'தடதட' என்று அதிரவும் செய்யும். இடப்பக்கம், கையுறைப் பெட்டிக்குக் கீழே உள்ள ப்ளோயரை மூன்று ஸ்க்ரூக்களைக் கழற்றி இறக்கினால், சீப்புப் பல் போலப் பிளந்த அந்த இலை சக்கரத்தின் இடுக்கில் செருகிக்கொண்டிருப்பது தெரியும். அதை எடுத்தபின், கண்ணாடியடியில் சேர்ந்திருக்கும் மற்றச் சருகுகளையும் அள்ளிவிட்டுத்தான் வண்டியை ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வாரம் அதே வண்டி அதே சத்தத்தோடு திரும்பி வரும்.