மாண்டரின்: சீன மாணவர்கள் சறுக்கும் சொல்

சீனாவின் பொதுமொழிக்கு ஆங்கிலத்தில் ‘மாண்டரின்’ என்று பெயர். ஆங்கிலம் படிக்கும் சீனர்களிடம் அது எங்கிருந்து வந்த சொல் என்று கேட்டால், பலர் யோசிக்காமல் சொல்லும் பதில் ‘மான் தா ரென்’. மான் என்றால் மஞ்சு இனம், தா ரென் என்றால் பெரிய மனிதர், துரை. மஞ்சு துரைமார் பேசியதை வெள்ளைக்காரன் தன் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டானாம். ஒலி அத்தனை கச்சிதமாகப் பொருந்துவதால் இந்தக் கதையை விட யாருக்கும் மனசே வராது.

ஆனால் ஆண்டுக் கணக்கு இடிக்கிறதே. மஞ்சுக்கள் பெய்ஜிங்கில் ஆட்சிக்கு வந்தது 1644-இல், ‘மஞ்சு’ என்ற பெயரையே அவர்கள் சூட்டிக்கொண்டது 1635-இல்தான். போர்த்துகீசியர்களோ 1511-இல் மலாக்காவைப் பிடித்து, அந்த 16ஆம் நூற்றாண்டிலேயே, மஞ்சுக்களுக்கு முன் சீனாவை ஆண்ட மிங் அரசின் அதிகாரிகளை ‘மந்தரிம்’ என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அது மலாய்க்காரர்களின் ‘மெந்தெரி’யிலிருந்து வந்தது, மெந்தெரி சமஸ்கிருத ‘மந்திரின்’னிலிருந்து வந்தது. ஆமாம், நம் மந்திரியேதான்! மலேசியாவில் இன்றும் பிரதமரை ‘பெர்டானா மெந்தெரி’ என்கிறார்கள். கட்டளையிடுவதைக் குறிக்கும் போர்த்துகீசிய ‘மந்தார்’தான் மூலம் என்பாரும் உண்டு, உச்சரிப்பு மாறியதில் அதன் சாயல் விழுந்திருக்கலாம், வேர் அதுவல்ல.

அதிகாரியைக் குறித்த சொல் எப்படி மொழிக்குப் பெயரானது? பல வட்டாரத்து அதிகாரிகள் தங்களுக்குள் பொதுவாகப் பேசிக்கொண்டதைச் சீனர்களே ‘குவான்ஹுவா’, அதாவது அதிகாரிகள் பேச்சு என்றுதான் சொன்னார்கள். அதையே மேற்கத்தியர்கள் மாண்டரின் ஆக்கிக்கொண்டார்கள்.

சரி, பயன்படுத்தும்போது வரும் தவறுகள். ‘அவர் ஒரு மாண்டரின்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால், அந்த மொழி பேசுபவர் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பழைய சீன அதிகாரி நினைவுக்கு வருவார், பிரிட்டனில் என்றால் அமைச்சரையே ஆட்டிவைக்கும் மூத்த அரசு அதிகாரி. முதல் எழுத்தைச் சிறியதாகப் போட்டால் ஆரஞ்சுப் பழமாகவும் ஆகிவிடும். ‘மாண்டரின் டக்’ என்பதை அகராதி பார்த்துச் சொல்லுக்குச் சொல் சீனமாக்கி ‘அதிகாரி வாத்து’ என்று எழுதிவிடக் கூடாது, அது சீனர்கள் காதல் ஜோடிக்கு அடையாளமாகச் சொல்லும் யுவான்யாங் என்ற வாத்து. அப்புறம், மாண்டரின் என்பது முதன்மையாகப் பேச்சுக்கான பெயர். எழுத்தைப் பற்றிச் சொல்லும்போது ஆங்கிலத்தில் சைனீஸ் என்பதுதான் வழக்கம்: மாண்டரின் பேசுவேன், சைனீஸ் எழுதுவேன்.