இரண்டு செக்கனில் இருளும் மொனிட்டரைத் திருத்துவது எப்படி?

கல்லடியில் எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட. வீட்டிலிருந்த 17 அங்குல மொனிட்டர் போட்டதும் வெளிச்சம் வரும், இரண்டு செக்கனில் இருண்டுவிடும், பச்சை லைட் மட்டும் எரியும். பனல் போய்விட்டது, எறியுங்கள் என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. உங்களுடையதற்கும் இதே வருத்தம் என்றால் அறையை இருட்டாக்கி, திரையில் டோர்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பனலுக்கு ஒன்றுமில்லை, திரைக்குப் பின்னாலிருந்து அடிக்கும் பின்வெளிச்சம்தான் வரவில்லை.

இது தட்டையான எல்சிடிக்கு மட்டும். பின்பக்கம் பெருத்த பழைய குழாய் மொனிட்டரைத் திறக்கவே வேண்டாம். உள்ளே 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைக் கழற்றினாலும் தங்கி நிற்கும்.

எல்சிடியிலும் பவர் போர்டின் (கரண்ட் வந்து சேரும் பலகை) பெரிய கபசிட்டரில், அதாவது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் உருளையில், 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். பிளக்கைக் கழற்றி அரை மணி நேரம் விட்டுத் திறங்கள். பிறகு இன்சுலேஷன் வயர் பூட்டிய 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை அதன் இரண்டு காலிலும் பத்து செக்கன் பிடியுங்கள். மல்டிமீட்டர் 5 வோல்ட்டுக்குக் கீழே காட்டிய பிறகுதான் கை வைக்க வேண்டும். ஸ்குரூ டிரைவரால் ஷோர்ட் செய்யாதீர்கள், தீப்பொறி கண்ணுக்கே வரும்.

இனி அதே போர்டின் சின்னக் கபசிட்டர்களைப் பாருங்கள், பின்வெளிச்சம் நிற்பதற்கு இவை பழுதாவதும் காரணமாகலாம். தலை உப்பியிருந்தால், பழுப்பாகக் கசிந்திருந்தால் மாற்ற வேண்டும்.

நான் பிழைவிட்டது இங்கேதான். 1000 மைக்ரோபராட், 16 வோல்ட் என்று மட்டும் கேட்டு வாங்கிப் போட்டேன். மூன்று கிழமையில் திரும்பவும் இருட்டு. பவர் போர்டில் கரண்ட் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி ஓடுகிறது. உள்தடை கூடிய சாதாரண கபசிட்டர் அதில் சூடேறி, உள்ளே இருக்கும் திரவம் காய்ந்துவிடும். ஆகவே உள்தடை குறைந்த, 105 பாகைச் சூடு தாங்கும் கபசிட்டர் வேண்டும்; கடையில் "லோ ஈஎஸ்ஆர், 105 பாகை" என்று சொல்லிக் கேளுங்கள், 85 பாகை தந்தால் வாங்க வேண்டாம். மைக்ரோபராட் அதே அளவு இருக்கட்டும். வோல்ட் கூடலாம், குறையக் கூடாது, ஆனால் 25 வோல்ட் கொஞ்சம் தடிப்பு, இடம் இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். கோடு போட்ட பக்கம் மைனஸ்; கழற்றுமுன் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

சோல்டரிங் அயன் 60 வாட்தான் என் தெரிவு. மைனஸ் காலைச் சுற்றிச் செம்பு அகலமாக இருப்பதால் சின்ன அயனின் சூட்டை அது இழுத்துக்கொள்ளும், ஈயம் உருகாமல் பலவந்தமாக இழுத்தால் போர்டின் செம்புத் தடமே உரிந்து வரும்.

பின்சேர்ப்பு: ஒன்றும் உப்பவில்லை, ஆனாலும் இருள்கிறது என்று அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். உப்பாமலும் கபசிட்டர் பழுதாகும். அப்புறம், பின்வெளிச்சக் குழல்களின் வயர் கனெக்டரையும் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். அவருடையதில் உப்புக்காற்றுப் பட்டுப் பச்சை பிடித்திருந்தது. ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டுப் பூட்டியதும் எரிந்தது.