பிணைப்புத் தரம் ஒரு கணக்கு, கொதிநிலை வேறு கணக்கு

நீடாமங்கலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். வருடாவருடம் ஒரே தவறு வருகிறது. "நைட்ரஜனில் முப்பிணைப்பு இருக்கிறது, அதனால் கொதிநிலை அதிகம்" என்று எழுதிவிடுகிறார்கள். நைட்ரஜன் கொதிப்பது மைனஸ் 196 டிகிரியில். நன்றாகப் படிக்கிற பிள்ளைகூட இங்கே மார்க்கை விட்டுவிடும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

பேனாவை எடுக்கும் முன் ஒன்றைப் பாருங்கள். கேள்வி மூலக்கூறுக்கு உள்ளே நடப்பதைப் பற்றியதா, ஒரு மூலக்கூறுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே நடப்பதைப் பற்றியதா?

உள்ளே என்றால் பிணைப்புத் தரம், அதாவது இரண்டு அணுக்களுக்கு இடையே எத்தனை பிணைப்பு என்ற எண். ஆர்பிட்டால் என்பது எலக்ட்ரான் இருக்கும் இடம். பிணைப்பு ஆர்பிட்டாலில் (அணுக்களைச் சேர்த்துப் பிடிப்பது) உள்ள எலக்ட்ரான்களிலிருந்து எதிர்பிணைப்பு ஆர்பிட்டாலில் (அந்தப் பிடியைத் தளர்த்துவது) உள்ளவற்றைக் கழித்து இரண்டால் வகுங்கள். நைட்ரஜனுக்கு 10, 4, விடை 3. ஆக்சிஜனுக்கு 10, 6, விடை 2. அந்தக் கூடுதல் இரண்டு எலக்ட்ரானும் எதிர்பிணைப்பில் தனித்தனியாக உட்காருவதால்தான் ஆக்சிஜனைக் காந்தம் இழுக்கிறது. நைட்ரிக் ஆக்சைடில் 15 எலக்ட்ரான். நைட்ரஜனைவிட ஒன்று கூட, அதுவும் எதிர்பிணைப்பில்தான் போய்ச் சேரும், ஆகவே தரம் அரை குறைந்து 2.5.

நைட்ரஜனின் அந்த 3 என்ற எண்ணை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வயலில் வைத்தே காட்டலாம். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். சம்பாப் பயிர் அதற்குள்ளேயேதான் நிற்கிறது. இருந்தும் மேலுரமாக யூரியா போடுகிறோம். அந்தப் பிணைப்பை உடைக்க மோலுக்கு ஏறக்குறைய 945 கிலோஜூல் வேண்டும், பயிரால் முடியாது. உரத் தொழிற்சாலை அதிக வெப்பமும் அழுத்தமும் இரும்பு வினையூக்கியும் கொடுத்துச் செய்வதை, நீலப்பச்சைப் பாசி தன் நொதியை வைத்துக்கொண்டு வயல் தண்ணீரிலேயே செய்துவிடுகிறது. அசோலாவின் இலைக்குள் குடியிருப்பதும் அந்த வகைப் பாசிதான். எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

அப்புறம், நடுவே நடப்பது. நெல் அவிக்கும் அண்டாவின் மூடியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் முத்து முத்தாக நிற்பது தண்ணீர்தான். ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து போகவில்லை. ஒரு மோல் நீர் ஆவியாக 41 கிலோஜூல் போதும். மூலக்கூறுக்குள் இருக்கும் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்கவோ மோலுக்குச் சுமார் 463 வேண்டும். கொதிக்கும்போது விட்டுப்போவது மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்திருந்த பிடி மட்டும்.

அந்தப் பிடி எது என்று கண்டுபிடிக்க, முதலில் நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின் இவற்றில் ஒன்றோடு ஹைட்ரஜன் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஹைட்ரஜன் பிணைப்பு; பெயரில் பிணைப்பு என்று இருந்தாலும் இது மூலக்கூறுகளுக்கு நடுவே உள்ள பிடிதான். தண்ணீர் 100 டிகிரியிலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மைனஸ் 60 டிகிரியிலும் கொதிப்பது இதனால்தான். இல்லையென்றால் மூலக்கூறு முனைவுள்ளதா, அதாவது ஒரு பக்கம் சற்றே நேர்மின்னும் மறுபக்கம் சற்றே எதிர்மின்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இருமுனை விசை. எலக்ட்ரான்கள் கணநேரம் ஒரு பக்கமாக ஒதுங்குவதால் வரும் ஈர்ப்பான லண்டன் விசை எல்லாவற்றிலும் உண்டு, எலக்ட்ரான் கூடக்கூட அதுவும் கூடும்.

சரி, இப்போது ஹாலஜன்களை எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் நான்குக்கும் பிணைப்புத் தரம் 1. அறை வெப்பநிலையில் முதல் இரண்டும் வாயு, புரோமின் திரவம், அயோடின் திண்மம். இத்தனைக்கும் இந்த நான்கில் உள்ளே இருக்கும் பிணைப்பு மிகவும் தளர்ந்தது அயோடினுக்குத்தான். காரணத்தை இரண்டு வரியில் எழுதுங்கள். "பிணைப்பு" என்ற சொல் அதில் வரக்கூடாது.