பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை பார்ப்பது எப்படி?

கடலூர், புதுச்சேரி பக்கம் பிரசவ வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் செவிலியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எல்லாக் குழந்தைக்கும் சர்க்கரை பார்க்கத் தேவையில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தாலோ, குழந்தை 37 வாரத்துக்கு முன்பே பிறந்தாலோ, எடை ரொம்பக் குறைவாகவோ கூடுதலாகவோ இருந்தாலோ கட்டாயம் பார்க்க வேண்டும். நடுக்கம், சோர்வு, பால் குடிக்காமல் கிடப்பது தெரிந்தால் எந்தக் குழந்தையானாலும் உடனே பாருங்கள்.

முதலில் தாய்ப்பால். ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கச் சொல்லி, குடித்து அரை மணி கழித்து முதல் சோதனை. அப்புறம் வார்டு அட்டவணைப்படி, ஒவ்வொரு முறையும் பால் கொடுப்பதற்கு முன்னால்.

சர்க்கரை பார்க்கும் மீட்டரில் செருகுகிற ஸ்ட்ரிப்பை எடுத்ததும் டப்பாவை இறுக மூடுங்கள். நம் ஊர் கடல் காற்றின் ஈரம் மிச்ச ஸ்ட்ரிப்புகளைக் கெடுத்துவிடும்.

அடுத்து குதிகால். இங்கேதான் அவசரப்படக் கூடாது. ஏசி அறையில் பாதம் சில்லென்று இருந்தால் ரத்தம் வராது. வெதுவெதுப்பான துணியை உங்கள் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, சில நிமிடம் பாதத்தில் சுற்றி வையுங்கள். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். ஈரம் இருந்தால் எண் தப்பாகும். குத்த வேண்டியது குதிகாலின் அடிப்பக்க ஓரத்தில். நடுவிலும் பின்வளைவிலும் எலும்பு பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே வேண்டாம். குழந்தை அம்மா மார்போடு இருந்தால் வலி குறையும்.

முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்த சொட்டு தானாகத் திரளும்வரை பொறுங்கள். பிழிந்தால் திசுநீர் கலந்துவிடும், அந்த எண்ணை நம்ப முடியாது.

இன்னொன்று: சேனை வைக்கும் பாட்டிகளிடம் அன்பாகப் பேசித் தடுத்துவிடுங்கள். சர்க்கரைத் தண்ணீர் தொட்ட விரல் குழந்தையின் பாதத்தில் பட்டால்கூட மீட்டர் கூடுதலாகக் காட்டும்.

டெசிலிட்டருக்கு 40 அல்லது 45 மி.கி.க்குக் கீழே என்பதைப் பல மருத்துவமனைகள் எல்லையாக வைத்திருக்கின்றன. எல்லைக்குக் கீழே காட்டினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். குறைந்த அளவுகளில் மீட்டர் 10 மி.கி.க்கு மேலும் பிசகலாம், அதனால் லேபுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும். சாம்பல் மூடி ஃப்ளோரைடு குழாயில், தாமதிக்காமல். சாதாரணக் குழாயில் வைத்தால் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். ஆனால் லேப் முடிவுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஏட்டில் எண்ணோடு, பார்த்த நேரத்தையும் கடைசியாகப் பால் குடித்த நேரத்தையும் எழுதுங்கள். அடுத்த ஷிப்ட் செவிலியர் அதைப் பார்த்துத்தான் அடுத்த சோதனை எப்போது என்று முடிவு செய்வார்.